ஒரு வாய், ஒரு மணி

தம்பி, சித்தெ மெதுவாப் பேசுங்க. ஆமாங்க, நாந்தான். அந்தக் குரல் என்ற குரல்தானுங்க. முன்னால சீட்டுல அந்தம்மா திரும்பிப் பாக்கறாங்க பாருங்க. கொஞ்சம் மெதுவா.

உங்க மடியில அந்தப் பொட்டியைப் பாத்ததுமே நினைச்சேன். ஈரோட்டு பஸ் ஸ்டாண்டுக் கிளையில வாங்கினீங்களா? வாசல்ல ஸ்பீக்கர் தொங்கும், அதுல கேட்டிருப்பீங்க. "ஒரு வாய் சாப்பிடுங்க, ஒரு மணி அடிங்க, இனிப்பு உங்க வாயில, புண்ணியம் உங்க கணக்குல." அது யாரும் எழுதிக் குடுத்ததில்லீங்க. நின்ன நிலையில எனக்கே வந்துச்சு. முதலாளி கேட்டுப்போட்டு என்ற கையைப் புடிச்சுக்கிட்டாரு. இப்பக் கேட்டா எனக்கே கூசுது. ஆனா உச்சரிப்பு சுத்தமா இருந்துச்சுங்களா இல்லீங்களா? "வாழவைக்கும்"னு ஒரு எடம் வருமே, அந்த ழகரத்தைக் கவனிச்சீங்களா? சரி, விடுங்க.

பொட்டி யாருக்குங்க? அம்மாவுக்கா. சத்தியில இருக்கறாங்களா. நல்லதுங்க. அம்மாவுக்குச் சக்கரை இருக்குதுங்களா?

கொஞ்சமா. ஓ. கொஞ்சமாத்தான் இருக்குது.

இல்லீங்க, சும்மாதான் கேட்டேன். அந்த ஸ்பீக்கர்ல, "ஒன்பது வருசமாச் சர்க்கரை வியாதி உள்ள நம்ம சகோதரியே தினம் ஒரு துண்டு சாப்பிட்டுட்டு நல்லா இருக்கறாங்க"ன்னு வருமே, அதைக் கேட்டுப்போட்டுத்தான் வாங்கினீங்களா? தலையை ஆட்டறீங்க. அந்தச் சகோதரி என்ற சம்சாரமுங்க. பேரு தெய்வாத்தாள்.

எனக்குப் பேரு சென்னியப்பன். மைக் சென்னியப்பன்னு சொன்னாத்தான் கோபியில தெரியும். முப்பத்தியோரு வருசமா மைக்குதானுங்க சோறு போடுது. கட்சிக் கூட்டம், கோயில் நோம்பி, கல்யாணம், ரேக்ளாப் பந்தயம், ஜவுளிக்கடைத் திறப்பு, எல்லாத்துக்கும் நாந்தான். மத்தவங்க காயிதத்தைப் பாத்து வாசிப்பாங்க. நான் காயிதம் தொடமாட்டேன். ஆளைப் பாத்துப் பேசுவேன். கூட்டத்துல கடைசியில ஒருத்தரு சைக்கிளைப் புடிச்சுக்கிட்டு நின்னாருன்னு வைங்க, "நம்ம வாய்க்கால் மேட்டு நஞ்சப்பண்ணன் வந்திருக்கறாரு, வாங்கண்ணா, முன்னால வாங்க"ன்னு ஒரு குரல் குடுத்தா அந்த மனுசன் சைக்கிளைக் கீழ போட்டுட்டு வந்துருவாரு. எங்கூருல அது ஒரு பழக்கமுங்க. கோயில்ல நன்கொடை வாசிக்கறப்பத் தன் பேரு வரலைன்னா சண்டைக்கு வருவாங்க. அம்பது ரூபா குடுத்தாலும் பேரை மைக்குல கேக்கோணும். அது தெரிஞ்சவன் நான். அதை வெச்சே பொழச்சவன்.

கவுந்தப்பாடி வந்துருச்சுங்களா? வாசம் வருது. சக்கரை காச்சற வாசம். தெய்வாவுக்கு இந்த வாசம் ரொம்பப் புடிக்கும். சன்னலோரம் உக்காந்து, வண்டி தாண்டற வரைக்கும் பேசாம வருவா. வாசத்துல சுகர் ஏறாதில்லீங்கன்னு கேப்பா.

போன வருசம் புரட்டாசியில ஆரம்பிச்சதுங்க. எங்கூருல அப்ப டயாலிசிஸ் பண்ற எடமே இல்லீங்க. கிட்னி போனவங்க வாரத்துக்கு ரெண்டு தரம், மூணு தரம் பஸ் ஏறி ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் போகோணும். போறப்ப உக்காந்து போவாங்க, வர்றப்பச் சுருண்டு படுத்துக்கிட்டு வருவாங்க. பாத்திருக்கறேன். அதுக்கு ஊருல நாலு பெரியமனுசங்க சேந்து ஒரு மன்றம் ஆரம்பிச்சு, மெசின் வாங்க வசூல் பண்ணாங்க. நல்ல காரியமுங்க. அதுல நான் ஒரு குத்தமும் சொல்லமாட்டேன். அப்ப இந்த ஸ்வீட் கடை முதலாளி ஒரு யோசனை சொன்னாரு. கடை பேரு உங்க பொட்டியிலயே இருக்குது, நான் சொல்லலை. தீவாளி வரைக்கும் நாப்பது நாளு கடை வாசல்ல பந்தல் போட்டு, பெரிய தட்டுல நெய் மைசூர்பாகு வெச்சு, பக்கத்துல ஒரு வெண்கல மணி கட்டித் தொங்கவிடறது. வர்றவங்க ஒரு பொட்டி வாங்கோணும், அங்கயே ஒரு துண்டு வாயில போட்டுட்டு மணியை ஒருக்கா அடிக்கோணும். ஒருக்கா மணி அடிச்சா இருபது ரூபா கடை மன்றத்துக்குக் குடுத்துரும். மணி அடிச்சவங்க பேரை நான் மைக்குல சொல்லோணும். அவ்வளவுதானுங்க ஏற்பாடு.

கிட்னி மெசினுக்கு மைசூர்பாகான்னு யாரும் கேக்கலைங்களான்னு பாக்கறீங்க. கேக்கலைங்க. நெசமாச் சொல்றேன், அந்த நாப்பது நாளும் ஒருத்தரும் கேக்கலை. எனக்கும் தோணலை. இனிப்புக் குடுத்தாத்தானே நல்ல காரியம்? கல்யாணத்துக்கும் இனிப்பு, பாஸானாலும் இனிப்பு, இதுக்கும் இனிப்பு. அப்படித்தான் போச்சு.

மொத நாளு சாயந்திரம் கூட்டமே இல்லீங்க. புரட்டாசி மழை வேற தூறிக்கிட்டு இருந்துச்சு. ஆளுங்க பந்தலைப் பாப்பாங்க, சிரிப்பாங்க, "நமக்குச் சுகருங்க"ன்னு சொல்லிப்போட்டுப் போயிருவாங்க. நாப்பது வயசு தாண்டின பாதிப்பேரு அப்படித்தான் சொன்னாங்க. முதலாளி மொகம் சுண்டிப்போச்சு. எனக்கும் ரோசமா இருந்துச்சு. முப்பது வருச மைக்கு, நாலு பேரை நிறுத்த முடியலையேன்னு.

அந்த நேரம் பாத்து எதிர்ச் சாரியில தெய்வா வந்தா. கையில பையோட, காய் வாங்கிட்டுப் போறா. எப்பவும் சாயந்திரம் காய் வாங்கப் போவா, பாவக்காய், கோவக்காய், இந்த மாதிரி. தம்பி, அவளை மாதிரி சக்கரையைக் கட்டுல வெச்சவங்களை நான் பாத்ததில்லீங்க. மில்லு வேலையில இருந்தப்பவே வந்துருச்சு. அன்னையிலிருந்து ஒன்பது வருசம் ஒரு லட்டு அவ வாயில போனதில்லை. ராகிக் களி, கீரை, பொழுது விடியறதுக்கு முன்னால கிரவுண்டுல ஏழு சுத்து. கல்யாணத்துக்குப் போனா அவ இலையில வெச்ச ஜாங்கிரியைப் பேசாம என்ற இலைக்குத் தள்ளிருவா. என்ற இலையில எப்பவும் ரெண்டு. டாக்டரம்மா மத்தவங்களுக்கு அவளைத்தான் காட்டுவாங்களாம், இந்தம்மாவைப் பாருங்கன்னு.

நானும் காட்டினேன்.

மைக்கைப் புடிச்சுட்டு, அத்தனை சனமும் கேக்க, "இதோ வர்றாங்க! என்ற ஊட்டுக்காரம்மா தெய்வாத்தாள் வர்றாங்க! ஒன்பது வருசமாச் சர்க்கரை வியாதி, ஆனா ஒரு உயிருக்காக ஒரு வாய் சாப்பிட வர்றாங்க!"ன்னு போட்டேனுங்க ஒரு போடு. கடைவீதியே திரும்பிப் பாத்துச்சு. அவ நடுரோட்டுல நின்னுட்டா. அவளுக்குச் சக்கரைன்னு எங்க தெருவுலயே பாதிப்பேருக்குத் தெரியாதுங்க. அவ யாருகிட்டயும் சொன்னதில்லை. இல்லாட்டி விசேசத்துக்குப் போற எடத்துல தனிப் பந்தியில உக்கார வெச்சு, பாவமாப் பாப்பாங்கன்னு. அதை நான் மைக்குல சொல்லிப்போட்டேன். அப்பத் தெரியலைங்க. சத்தியமா அப்பத் தெரியலை. நல்லாச் சொன்னோம்னுதான் இருந்துச்சு.

கிட்ட வந்தா. "ஏனுங்க, எனக்கு வேண்டாமுங்க"ன்னு மெல்லச் சொன்னா. நான் மைக்கை உள்ளங்கையில பொத்திக்கிட்டு, "ஒரு வாய்தான் தெய்வா, எல்லாரும் பாக்கறாங்க"ன்னு சொன்னேன். எடுத்து வாயில போட்டா. மணியை அடிச்சா. நான் மைக்கை வாய்கிட்டக் கொண்டுபோனேன். "நல்லா இருக்குதுங்க"ன்னு சொன்னா. அவ்வளவுதானுங்க, சனம் வந்து விழுந்துச்சு பாருங்க! சக்கரைக்காரங்கதான் மொதல்ல வந்தாங்க. அந்தம்மாவே சாப்பிடறாங்க, நமக்கென்னன்னு. பொழுது சாயறதுக்குள்ள தட்டு மூணு தடவை மாத்தினாங்க.

ஊட்டுக்குப் போனதும் ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டு, அந்த மழையிலயும் கிரவுண்டுல நாலு சுத்து நடந்துட்டு வந்தா. "நாளைக்கு வேண்டாமுங்க"ன்னா. சரின்னேன். மறுநாளு முதலாளி, "அம்மா வரலீங்களா, அவங்க மணி அடிச்சாத்தான் களை கட்டுது"ன்னாரு. நான் போன் போட்டுக் கூப்பிட்டேன். வந்தா. அதுக்கடுத்த நாளும் வந்தா. தினம் ஒரு துண்டுதானுங்க. சின்னத் துண்டு. நானே சின்னதாப் பாத்து எடுத்துக் குடுத்திருக்கறேன். அதுல என்ன ஆயிரப் போகுதுன்னு…

ஏனுங்க தம்பி, ஒரு துண்டுல ஒண்ணும் ஆகாதில்லீங்களா? ஒரு நாளைக்கு ஒண்ணு. முப்பத்தேழு நாளு. நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கறீங்க, அதனால கேக்கறேன்.

சரிங்க. பதில் வேண்டாம்.

ஒரு வாரங் கழிச்சு, என்ற குரலைப் பதிவு பண்ணி ஆட்டோவுல கட்டி ஊரெல்லாம் விட்டாங்க. அதுலதான் அந்த வரியைச் சேத்தேன். "தினம் ஒரு துண்டு சாப்பிட்டுட்டு நல்லா இருக்கறாங்க." நம்ம ஊட்டுக்கு முன்னாலயே காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா போகும். அவ வாசல் கூட்டிக்கிட்டு இருப்பா. ஆட்டோ போற வரைக்கும் வெளக்குமாத்தைப் புடிச்சுக்கிட்டு நிப்பா. எனக்குப் பெருமையா இருக்கும். நம்ம பேச்சை ரசிக்கறான்னு நினைச்சுக்குவேன். அந்த மாசம் சுகர் டெஸ்டுக்குப் போகலை. ஏன் போகலைன்னு நான் கேக்கலைங்க. தீவாளி வேலை, மறந்துட்டான்னு விட்டுட்டேன்.

தீவாளிக்கு மறுநாளு நான் தின்னுக்கிட்டு இருக்கறேன். அவ காலைக் கழுவிட்டு உள்ள வர்றா. சிமெண்டுத் தரையில ஈரக் கால்தடம் விழுகுதில்ல, அதுல எடது கால் தடத்துக்கு ஓரத்துல மட்டும் செவப்பா இருக்குது. "என்ன தெய்வா?"ன்னு காலைப் புடிச்சுப் பாத்தா, துணி சுத்தி வெச்சிருக்கறா. பிரிச்சேன். பெருவெரலு கருத்துப்போய்க் கெடந்துச்சுங்க. செருப்புக் கடிச்ச புண்ணாம். பதினோரு நாளாச்சாம். மஞ்சளைப் பத்துப் போட்டு, துணியைச் சுத்தி, அந்தக் காலோடயே தினம் வந்து மணி அடிச்சிருக்கறா. வலிக்கலையாம். சக்கரைக்காரங்களுக்கு வலி தெரியாதாமே.

ஏன் சொல்லலைன்னு கத்தினேனுங்க. ஆமாங்க, நாந்தான் கத்தினேன், அவமேல. அவ கத்தலை. என்ன சொன்னா தெரியுங்களா? "நீங்க தெருத்தெருவா நான் நல்லா இருக்கறேன்னு சொல்லிக்கிட்டுப் போறீங்க. நான் ஆஸ்பத்திரியில போய் உக்காந்தா உங்க வாயி என்னாகறதுங்க?"

ரெண்டு வெரலுங்க. அப்பப் பெருவெரலு எடுத்தாங்க, தையில பக்கத்து வெரலையும் எடுத்தாங்க.

எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு நினைக்காதீங்க. சொல்லாதது ஒண்ணு இருக்குது. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. உங்களை மறுக்கா எங்க பாக்கப் போறேன், அதனால சொல்றேன்.

மெசின் வந்துருச்சு. அதுல ஏமாத்து இல்லீங்க, புது மெசின், இன்னைக்கும் ஓடுது. அதைத் தொடங்கற விழா தெய்வாவுக்கு அந்த ரெண்டாவது ஆபரேசன் ஆன மூணாம் நாளு. அவ ஈரோட்டு ஆஸ்பத்திரியில கெடக்கறா. விழாவுக்கு மைக்கு நான்தான் புடிக்கோணும்னு முதலாளி போன் மேல போனு. "ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயிருங்க"ன்னாரு. என்ற கொழுந்தியாளை, அவ தங்கச்சியை, பக்கத்துல உக்கார வெச்சுட்டுப் போனேனுங்க. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன். போயிருக்கக் கூடாது. தெரியுது. அப்பவும் தெரிஞ்சுதான் போனேன்.

மேடையில டாக்டர் ஒருத்தரு பேசினாரு. இந்த மெசின்ல வந்து படுக்கறவங்கள்ல பெரும்பாலும் சக்கரையில கிட்னி போனவங்கதான், அதனால வாயைக் கட்டுங்கன்னு அவரு சொல்லிக்கிட்டு இருக்கறாரு, கீழ சனத்துக்கு மைசூர்பாகு பாக்கெட்டு குடுத்துக்கிட்டு இருக்கறாங்க. அவரு பேசி முடிச்சதும் நான் என்ன பண்ணேன்? "அருமையான கருத்து, பலத்த கைத்தட்டல்"னு சொன்னேன். எனக்குச் சால்வை போட்டுக் 'குரல் வேந்தர்'னு பட்டம் குடுத்தாங்க. அப்ப முதலாளி மைக்கை வாங்கி, "நம்ம தெய்வாத்தாள் அம்மாவைக் காணோமே, அவங்களும் மேடைக்கு வரோணும்"னாரு. அத்தனை சனமும் தேடுது. பெஞ்சுல அந்த வாய்க்கால் மேட்டு நஞ்சப்பண்ணன், அவருக்கும் சக்கரை, எட்டிப் பாக்கறாரு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. மைக்கு என்ற கையில இருக்குது. முன்னால ஆயிரம் பேரு. அவளுக்கு வெரலை எடுத்துட்டாங்க, யாரும் சாப்பிடாதீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லலை. "தெய்வாத்தாள் அவங்க தங்கச்சி ஊட்டு விசேசத்துக்குப் போயிருக்கறாங்க, நல்லா இருக்கறாங்க"ன்னு சொன்னேன். கை தட்டினாங்க.

பொழுதோட ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனேன். சால்வையைப் பைக்குள்ள மடக்கி வெச்சுக்கிட்டேன். உள்ள நொழைஞ்சா கொழுந்தியா போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா. நம்மூரு யூடியூப்காரன் விழாவை நேரலையில விட்டிருக்கறான். அக்காளும் தங்கச்சியும் முழுசாப் பாத்திருக்கறாங்க. கொழுந்தியா என்னைப் பாத்து, "மாமா, என்ற ஊட்டுல என்னங்க விசேசம்?"னு கேட்டா.

எனக்கு அப்படியே தரையில பூந்துக்கலாம் போல இருந்துச்சுங்க. தெய்வாவோட காலைத் தலகாணி மேல தூக்கி வெச்சிருந்தாங்க. அதையே பாத்துக்கிட்டு, "குரல் நல்லா இருந்துச்சுங்க"ன்னா.

இந்தாங்க, கோபி வந்துருச்சு. பஸ் ஸ்டாண்டுக்குள்ள திருப்பறான். ஆமாங்க, என்ற ஊருதான். எறங்கறேன், எறங்கறேன், இருங்க. இங்க பத்து நிமிசம் நிப்பான். சன்னல் பக்கம் காதைக் குடுங்க. கேக்குதுங்களா? அந்த மூலையில கடை. இந்த வருசமும் பந்தல் போட்டுட்டாங்க, ரெண்டாவது மெசினுக்கு. பழைய பதிவையே போடறாங்க. "ஒன்பது வருசமாச் சர்க்கரை வியாதி உள்ள…" பாத்தீங்களா. போன வருசத்துத் தெய்வா இன்னும் அங்கயே நின்னு சாப்பிட்டுக்கிட்டு இருக்கறா.

முதலாளிகிட்டச் சொன்னேனுங்க. போன்லதான். "அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துருங்க"ன்னேன். "அந்த வரியிலதாங்க வசூலே இருக்குது, நல்ல காரியத்துல கை வெக்காதீங்க சென்னியப்பன்"னாரு. சரிங்கன்னு வெச்சுட்டேன். நஞ்சப்பண்ணன் போன வாரம் என்னைய ரோட்டுல நிறுத்தி, "உங்க ஊட்டுக்காரம்மாவைப் பாத்துத்தான் தைரியமாச் சாப்பிடறனுங்க, எங்க இப்பக் கண்ணுலயே காணோம்?"னாரு. அவருகிட்டயும் சொல்லலை. ஊருல யாருக்கும் தெரியாதுங்க. அவ வெளிய வர்றதில்லை. வெரலு போனதால இல்லீங்க, சாதாரணச் செருப்புப் போட்டா மறுக்கா புண்ணாயிருமாம். வெறுங்கால்ல நடக்கவே கூடாதாம்.

அதுக்குத்தான் இந்தப் பை. பாருங்க. மெத்துமெத்துன்னு ரப்பர் போட்டது, அளவெடுத்து அவளுக்குன்னே செஞ்சது. எடது செருப்புல முன்னால அடைச்சிருக்கறாங்க பாருங்க, ரெண்டு வெரலு இருந்த எடத்துல. கைய வெச்சுப் பாருங்க, பரவால்லீங்க, புதுசுதான்.

ஆடியில புண்ணு ஆறினதும், டாக்டரு செருப்புக்கு அளவெடுக்கச் சொன்னாரு. அன்னைக்கு அவ என்கிட்ட ஒண்ணு கேட்டா. ஒரு வருசத்துல அவ என்னைய எதுவும் கேட்டதில்லீங்க. "செருப்பு வந்ததும் மொத நடை அந்தக் கடைக்குத்தான் போவேன். நீங்க மைக்கைப் புடிச்சுக்கிட்டு, அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரியே என்னையக் கூப்பிடோணும். நான் வருவேன். சாப்பிட மாட்டேன், மணி அடிக்க மாட்டேன். செருப்பைக் கழட்டிக் காட்டிப்போட்டு வந்துருவேன். நான் சொன்னா நாலு பேருக்குத்தான் கேக்கும். நீங்க சொன்னாத்தான் ஊருக்குக் கேக்கும்"னா.

சரின்னு சொன்னேன். எல்லாத்துக்கும் சரின்னு சொல்றவன் நான்.

வண்டியை எடுத்துட்டானுங்களா? எடுக்கட்டும். இல்லீங்க, மறந்து போயி உக்காந்திருக்கலை. கண்டக்டர், அடுத்த ஸ்டாப்பு கரட்டடிபாளையம் ஒண்ணு குடுங்க. ஆமா, அங்கயே எறங்கிக்கறேன்.

உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. இந்தச் செருப்பு இன்னைக்குத் தயாராகலீங்க. தயாராகி மூணு வாரமாச்சு. செருப்புக்காரரு ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. நான் அவகிட்ட, "இன்னும் ஆகலையாம் தெய்வா, ரப்பர் வரலையாம்"னு சொல்லிக்கிட்டு இருக்கறேன். மூணு வாரமா அவ கட்டல்லயும் நாற்காலியிலயும் உக்காந்திருக்கறா. கிரவுண்டுல ஏழு சுத்து நடந்தவ. செருப்பு வந்துருச்சுன்னா நான் மைக்கைப் புடிக்கோணுமே, அதுக்காக. பந்தலைப் பிரிக்கற வரைக்கும் தள்ளிப் போட்டரலாம்னு பாத்தேன். தீவாளி முடிஞ்சுட்டா அப்பறம் எங்க போயிக் கூப்பிடறது? அப்படி ஒரு கணக்குப் போட்டேனுங்க. கட்டின பொண்டாட்டி கால்ல செருப்பு இல்லாம உக்காந்திருக்கறா, நான் கணக்குப் போடறேன். இன்னைக்குக் காலையில அவளே செருப்புக்காரருக்குப் போன் பண்ணிட்டா. "இன்னைக்கு வாங்கிட்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னா. வேற ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தாத் தேவலை.

அவளுக்குத் தெரிஞ்சுருச்சு, இல்லீங்களா?

என்னங்க? எப்படிக் கூப்பிடுவேன்னா? யோசிச்சு வெச்சிருக்கறேன். வரி எல்லாம் இருக்குது. "இதோ வர்றாங்க, என்ற ஊட்டுக்காரம்மா தெய்வாத்தாள் வர்றாங்க. போன வருசம் என்ற பேச்சைக் கேட்டு…" இதுக்கு மேல வரமாட்டேங்குதுங்க. ஆயிரம் மேடை ஏறினவனுக்கு.

கேக்கலைங்களா? இஞ்சின் சத்தம். சரி, இன்னொருக்காச் சொல்றேன்.

"இதோ வர்றாங்க! என்ற ஊட்டுக்காரம்மா தெய்வாத்தாள் வர்றாங்க! போன வருசம் என்ற பேச்சைக் கேட்டு இனிப்புச் சாப்பிட்டு ரெண்டு கால்வெரலைக் குடுத்துட்டு வர்றாங்க! நல்லா இருக்கறாங்கன்னு நான் சொன்னது பொய்யி! சக்கரை இருக்கறவங்க யாரும் அந்தத் தட்டைத் தொடாதீங்க! மெசினுக்குக் குடுக்கற காசைக் கையில குடுங்க, வாயில வாங்காதீங்க!"

மன்னிச்சுக்கங்க தம்பி. சத்தம் போட்டுட்டனுங்களா? எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. முன்சீட்டு அம்மா கண்ணைத் தொடைக்கறாங்க. கண்டக்டரு விசிலை வாயில வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கறாரு. கரட்டடிபாளையம் வந்துருச்சா? எறங்கறேன், எறங்கறேன். பொட்டியை என்ன பண்றதுன்னு என்னையக் கேக்காதீங்க தம்பி, நான் சொல்லிச் சொல்லித்தான் இத்தனையும் ஆச்சு. அம்மாவை நீங்களே பாத்துக்கங்க.

அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க. செருப்புப் பை. திரும்பிப் போறதுக்கு பஸ் வேண்டாமுங்க, நடந்தே போறேன். ரோடு கடை வாசல் வழியாத்தான் போகுது. ஆனா மொதல்ல ஊட்டுக்குப் போகோணும், அவளுக்குச் செருப்பைப் போட்டுவிடோணும்.